குதிரைக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்கம்மா?

போன வருசம் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எப்போதும் குதிரைப் பேச்சுதான். மகளுக்கு 7 வயசு. அவளுடைய அப்பிச்சியின் (என் அப்பாவின்) தோளில் உட்கார்ந்துகொண்டு, மேளத்துக்குத் தகுந்தபடி கால் மாற்றிப் போட்டு ஆடிய ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்தாள். அன்றிலிருந்து நோட்டு, சுவர், பாத்ரூம் கதவு எல்லாவற்றிலும் குதிரைதான் வரைகிறாள். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 1994இல் வந்த ‘பிளாக் பியூட்டி’ படத்தைப் போட்டுவிட்டு நான் கொள்ளு வேகவைக்கப் போய்விட்டேன். அமெரிக்காவில் அதற்கு ‘ஜி’ சான்று, அதாவது எந்த வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குச் சத்தமே இல்லை. வந்து பார்த்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கண்ணீர் மட்டும் ஓடுகிறது. கதாநாயகக் குதிரையின் தோழி ஜிஞ்சர் செத்து, வண்டியில் கிடத்தி இழுத்துக்கொண்டு போகும் காட்சி. அதற்குப் பிறகு பல நாள் ராத்திரியில் எழுந்து, “அந்தச் செவலைக் குதிரைக்கு யாருமே இல்லீங்களாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் முறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். இளகிய மனசுள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களுக்குப் பயன்படும் என்று, கண்டதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், சான்றிதழை நம்பிப் படம் போடாதீர்கள். நம் ஊரில் ‘யு’ என்றாலும், 2024இலிருந்து ‘யுஏ’வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாலும், சான்று தருகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது சண்டை, ரத்தம், கெட்ட வார்த்தை, ஆபாசம் இவற்றைத்தான். ஒரு குட்டி அம்மாவைப் பிரிந்து கத்துவதற்கு அதில் தனி மார்க் கிடையாது. ஒரு துளி ரத்தம் இல்லாமலே ஒரு படம் பிள்ளையின் மனசை நொறுக்கிவிடும், குதிரைப் படங்கள் அதில் மிகவும் கைதேர்ந்தவை.

“நம்ம ஊர்ப் பிள்ளைங்க கெடா வெட்டே பார்க்குது, சினிமாவுக்கா அழும்?” என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. கோயிலில் வெட்டுகிற கிடாய்க்குப் பேர் இல்லை, பிள்ளை தூரத்தில் நிற்கிறது, பக்கத்தில் அப்பாரும் ஆத்தாளும் நிற்கிறார்கள். படத்தில் அந்தக் குதிரைக்குப் பேர் உண்டு, கண்ணை இவ்வளவு பக்கத்தில் காட்டுகிறார்கள், பின்னாடி வயலின் வேறு, ஒன்றரை மணி நேரம் அந்தக் குதிரையோடயே பிள்ளை வாழ்ந்திருக்கிறது. வீட்டில் வளர்த்த கன்னுக்குட்டியைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போன அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள், அந்த அழுகைதான் இது.

அடுத்தது உங்கள் பிள்ளைக்கு எது தாங்காது என்று தெரிந்துகொள்வது. எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே இல்லை. என் மகளுக்குக் குதிரை ஓடி விழுந்தால்கூடப் பரவாயில்லை, யாரும் இல்லாமல் தனியாக நின்றால் தாங்காது. என் நாத்தனார் மகன் அதற்கு நேர்மாறு: பிரிவெல்லாம் அவனுக்கு ஒன்றும் செய்யாது, சாட்டைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். இன்னும் சில பிள்ளைகளுக்குத் தீ, வெள்ளம், இடி, இருட்டு. கதை சொல்லும்போது “அதைச் சொல்லாதீங்க” என்று எந்த இடத்தில் நிறுத்துகிறார்களோ, அதுதான் உங்களுக்கு விடை. வேறு எதையும் தேட வேண்டாம்.

அது தெரிந்துவிட்டால் மீதி சுலபம், ஏனென்றால் குதிரைப் படங்கள் பெரும்பாலும் நாலு மாதிரிக்குள் அடங்கிவிடும். பந்தயப் படம் என்றால் கால் முறிகிற காட்சி வரலாம். காட்டுக் குதிரைப் படம் என்றால் கயிறு போட்டுப் பிடிப்பது, சூடு போடுவது, கூட்டத்திலிருந்து பிரிப்பது. கைமாறிக் கைமாறிப் போகிற குதிரையின் கதை என்றால் நல்ல எசமான், கெட்ட எசமான், அடி, பட்டினி எல்லாம் உண்டு, இளகிய பிள்ளைக்கு நாலில் இதுதான் ரொம்பக் கஷ்டம். நாலாவது போர்ப் படம். 2011இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘வார் ஹார்ஸ்’ அருமையான படம், கடைசியில் கதாநாயகக் குதிரை ஜோயி வீட்டுக்கு வந்துவிடும், ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். முள்கம்பியில் சிக்கிக்கொள்கிற காட்சியை நானே பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன், அதோடு கூட வரும் குதிரை செத்துப்போகும்.

கால் முறிவைப் பற்றி ஒரு விசயம் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். “கால்தானே ஒடிஞ்சுது, கட்டுப் போட்டா சரியாயிடுமே, ஏன் கொல்றாங்க?” குதிரை 400, 500 கிலோ இருக்கும், முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது, எலும்பும் நரம்பும் தோலும்தான், ரத்த ஓட்டமும் கம்மி, அதனால் ஆறுவது கடினம். நம்மைப் போல மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கவும் அதனால் முடியாது, மூன்று காலில் நின்றால் நல்ல கால்களும் கெட்டுப்போகும். இதைச் சாதாரணமாகச் சொன்னால் பிள்ளைக்குப் புரிகிறது. மறைத்தால்தான் மனிதர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொள்கிறது. 2005இல் வந்த ‘ட்ரீமர்’ படத்தில் ஆரம்பத்திலேயே குதிரைக்கு ஓடும்போது கால் ஒடியும், அப்புறம் ஒரு அப்பாவும் மகளும் சேர்ந்து அதைத் தேற்றுவார்கள். 8 வயசுக்கு மேல் இருக்கிற, முதல் கால் மணி நேரத்தைத் தாண்டக்கூடிய பிள்ளைக்கு நல்ல படம்.

படத்தைப் போடுவதற்கு முன்னால் கதை முழுவதையும், கடைசிக் காட்சி வரை, விக்கிப்பீடியாவில் படித்துவிடுங்கள். ட்ரெய்லரை நம்ப வேண்டாம், அதில் புல்வெளியும் பாட்டும் மட்டும்தான் இருக்கும். ‘டஸ் த டாக் டை’ என்று ஒரு இணையதளம் இருக்கிறது, எந்தப் படத்தில் விலங்கு சாகிறது என்று பார்த்தவர்களே அங்கே பதிந்துவைக்கிறார்கள், நான் முதலில் போவது அங்கேதான். முடிந்தால் முந்தின நாள் ராத்திரி நீங்கள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். குதிரையே தலைப்பில் இல்லாத படங்களிலும் கவனம் வேண்டும். 1984இல் வந்த ‘தி நெவர்எண்டிங் ஸ்டோரி’யில் ஒரு வெள்ளைக் குதிரை சேற்றில் மூழ்கிப்போகும், பையன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவான். கடைசியில் அந்தக் குதிரை திரும்பி வரும் என்றாலும், அதுவரைக்கும் தாங்க வேண்டுமே.

எங்கள் வீட்டில் முதலில் சரிப்பட்டது 1979இல் வந்த ‘தி பிளாக் ஸ்டாலியன்’. ஆனால் ஆரம்பத்திலிருந்து போடவில்லை. தொடக்கத்தில் ராத்திரியில் கப்பல் தீப்பிடித்து மூழ்கும், பையனுடைய அப்பா போய்விடுவார். நான் அதைத் தாண்டி, பையன் தீவில் கண்விழிக்கிற இடத்திலிருந்து போட்டேன், நடந்ததை வாயால் சொன்னேன். (மணலில் ஒரு பாம்பு வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) அதற்கப்புறம் வெகுநேரம் பேச்சே கிடையாது. கடல், மணல், ஒரு பையன், ஒரு கறுப்புக் குதிரை, அவ்வளவுதான். குதிரை பக்கத்தில் வராது, பையன் கடற்பாசியைப் பறித்து நீட்டுவான், அது ஒரு அடி வைக்கும், பின்வாங்கும், மறுபடி வரும். மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். இங்கிலீசு புரியவில்லையே என்ற கவலையே இந்தப் படத்துக்கு வேண்டாம். பேச்சுக் குறைந்த படங்கள் நம் பிள்ளைகளுக்கு ரொம்பவே பொருந்துகின்றன, பக்கத்தில் உட்கார்ந்து நாமே தமிழில் கதை சொல்லிக்கொண்டு போகலாம், பயமான இடத்தில் நம் குரல்தான் அவர்கள் காதில் விழும்.

இரண்டாவது, 2002இல் வந்த ‘ஸ்பிரிட்: ஸ்டாலியன் ஆஃப் த சிமரான்’. கார்ட்டூன்தான், ஆனால் லேசான படம் இல்லை. குதிரைகள் வாய்விட்டுப் பேசாது. ஸ்பிரிட் என்ற குதிரை அம்மாவைப் பிரிந்து பிடிபடுகிறது, மூன்று நாள் தீனியும் தண்ணியும் இல்லாமல் கம்பத்தில் கட்டிப்போடுகிறார்கள், பின்னால் ரெயின் என்ற பெண்குதிரை சுடப்பட்டு ஆற்றில் விழுந்துவிடும். அது செத்துவிட்டது என்றுதான் ரொம்ப நேரம் நாமும் நினைப்போம். “ரெயின் பிழைச்சுக்கும், கடைசியில ரெண்டு குதிரையும் சேர்ந்து அம்மாகிட்டப் போயிடும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மகள் நிம்மதியாகப் பார்த்தாள். கதையை முன்னாடியே சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது பெரியவர்களுக்கு, பயந்த பிள்ளைக்கு முடிவு தெரிந்தால்தான் நடுவில் ரசிக்கவே முடியும்.

2021இல் வந்த ‘ஸ்பிரிட் அன்டேம்ட்’ இன்னும் லேசு. ஆனால் தொடக்கத்திலேயே கதையில் வரும் சிறுமியின் அம்மா குதிரைச் சாகசத்தில் இறந்துவிடுவார். வீட்டில் சமீபத்தில் யாராவது தவறியிருந்தால் கொஞ்ச நாள் பொறுங்கள். 2010இன் ‘செக்ரட்டேரியட்’ படத்தில் குதிரைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, 1973 பெல்மாண்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முந்தி ஜெயிக்கிற நிஜக்கதை, எங்கள் வீட்டில் அப்பிச்சி எழுந்து நின்று ரேக்ளாவுக்குக் கத்துவது போலக் கத்தினார். வயசான அம்மா அப்பா இறப்பது உண்டு, வியாபாரப் பேச்சு நிறைய, 9 வயசுக்குக் கீழே சலித்துவிடும். 1944இன் ‘நேஷனல் வெல்வெட்’ மெதுவான படம், குதிரைக்கு ஒரு ராத்திரி வயிற்று நோவு வந்து தேறிவிடும், பள்ளி விடுமுறையில் இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

40 நிமிடப் படம் என்று நம்பி ஏமாறக்கூடியது ‘ஒயிட் மேன்’ (White Mane, வெள்ளைப் பிடரி), 1953இல் வந்த பிரெஞ்சுப் படம். கடைசியில் பையனும் குதிரையும் கடலுக்குள் போய்க்கொண்டே இருப்பார்கள். நல்ல நாட்டுக்குப் போகிறார்கள் என்று குரல் சொல்லும், நமக்கு அர்த்தம் தெரியும். பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

பகலில் போடுங்கள், கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், சத்தத்தைப் பாதியாக வையுங்கள். பயத்தில் முக்கால்வாசி பின்னணி இசையில்தான் இருக்கிறது, நடுவில் சத்தத்தை அணைத்துப் பாருங்கள், அதே காட்சி வெறும் ஓட்டமாகத் தெரியும். ரிமோட் பிள்ளையின் கையில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடுகிறது. “ஒண்ணும் ஆகாது கண்ணு” என்பதை நிஜமாகவே ஒன்றும் ஆகாத படத்துக்கு மட்டும் சொல்லுங்கள், ஒரு தடவை அது பொய்யாகிவிட்டால் அடுத்த படத்துக்கு நம்ப மாட்டார்கள்.

அழுதால் அழட்டும், “இதுக்குப் போயா” என்று சொல்லாதீர்கள். படத்தை நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு, குதிரைக்கு என்ன ஆச்சு என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். படுக்கிற குதிரை சொன்னால் படுக்கப் பழகியது, ஒரே வேடத்தில் நாலைந்து குதிரைகள் மாறி மாறி நடிக்கும் என்பதையெல்லாம் அழுகை நின்ற பிறகு சொல்லலாம்.

இந்த ஆடிக்கும் அந்தியூர் போகிறோம். சந்தையிலும் சாட்டை இருக்கும், விற்ற குதிரையை லாரியில் ஏற்றுவார்கள், அதையும் இப்போதே அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே போய்விட்டால் குதிரைக்காரர்கள் ஆற அமரப் பேசுவார்கள். கேட்டுவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும், பின்பக்கமாகப் போகக் கூடாது, காதைப் பின்னுக்கு மடக்கியிருந்தால் தள்ளி நிற்க வேண்டும், அவர்கள் சரி என்று சொன்னால் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, ஊறவைத்த கொள்ளை நீட்ட வேண்டும். நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்து அதைத்தான் பழகிக்கொண்டிருந்தாள்.