மல்லிகை அழுகும் இடத்தில் தாழை

வாய்க்கால் கரை, குட்டையோரம், அடிபம்புத் தண்ணீர் வடியும் கொல்லை மூலை: மல்லிகை வேர் அழுகிப்போகும் இப்படிப்பட்ட ஈரத்தில் தாழை தழைத்து வளரும். வெயில் மட்டும் நன்றாகப் படவேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணக்கும் மடல் ஆண் மரத்தில்தான் வரும். பெண் மரம் அன்னாசி போன்ற காயைத் தரும், அதில் அந்த வாசனை இல்லை. விதை போட்டால் எது முளைக்கும் என்று சொல்லவே முடியாது. பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும் என்பதால் ஏமாற்றம் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே, பூத்ததைக் கண்ணால் பார்த்த ஆண் மரத்திலிருந்தே பக்கக்கன்று எடுங்கள்.

ஒன்றரை முதல் இரண்டடி நீளக் கன்று, அடியில் வேர் முனைகள் தெரிவதாக இருந்தால் நல்லது. அடி இலைகளை உரித்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். வேர் பிடிக்கும்வரை கன்று வாடாது. ஒன்றரையடிக் குழியில் மட்கிய எருவும் மணலும் கலந்து, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். குருத்து மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். புதுக் கன்று பட்டுப்போவது பெரும்பாலும் குருத்துக்குள் சேறு புகுந்துதான். மரத்துக்கு மரம் பத்தடியாவது விடுங்கள்.

பிறகு செய்யக்கூடாதவை இரண்டு. விழுதுகளை வெட்டாதீர்கள், இளகிய மண்ணில் மரத்தைத் தாங்குவதே அவைதான். கிளை நுனியையும் கழிக்காதீர்கள். பூ நுனியில்தான் வரும்.

இலை ஓரத்திலும் நடுநரம்பின் அடியிலும் முள் உண்டு. தடித்த கையுறையும் தொரட்டியும் இல்லாமல் பறிக்கப் போகவேண்டாம். மடல் வெளுத்து, நுனி லேசாக நெகிழும்போது அதிகாலையில் அறுங்கள். முழுதும் விரிந்துவிட்டால் மணம் சீக்கிரம் போய்விடும். வாசனைக்குப் பாம்பு வரும் என்பார்கள். வருவது அடர்ந்த புதரின் நிழலுக்கும் அங்கே திரியும் தவளை, எலிக்கும்தான். காய்ந்த ஓலையை அவ்வப்போது அகற்றி அடியைத் திறந்து வையுங்கள்.

இவ்வளவு இடம் இல்லாதவர்கள் வெள்ளை இஞ்சிப்பூ வைக்கலாம். கிழங்கை ஓரங்குல ஆழத்தில், அரைநிழலில், ஈரம் காயாத மண்ணில் நட்டால் போதும். மாலையில் விரிந்து இரவெல்லாம் மணக்கும். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அதை அடியோடு அறுத்துவிட்டால் புதுத் தண்டுகள் கிளம்பும்.