வேதத்தைக் கொஞ்சமாக வாசியுங்கள்

வேதாகமத்தில் தினம் மூன்று அதிகாரம் என்று கணக்கு வைத்து ஓடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வாரத்தில் ஒரு நாளாவது பத்து வசனத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

மாற்கு 10:46-52 நல்ல தொடக்கம். பர்திமேயு என்ற பார்வையற்றவர் வழியோரம் உட்கார்ந்து கூப்பிடுகிறார். பேசாமலிரு என்று பலர் அதட்டுகிறார்கள். அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறார். இயேசு நிற்கிறார். "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். அந்த இடத்தில் நீங்களும் நில்லுங்கள். அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டதாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், வாய்விட்டு. அலங்கார ஜெப வார்த்தையெல்லாம் தேவையில்லை. கடன், கோபம், தூக்கமின்மை, எது மனதில் இருக்கிறதோ அது. அப்புறம் அதே பகுதியை இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள். முதல் முறை கண்ணில் படாதது இப்போது படும். பர்திமேயு மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருவது, உதாரணமாக.

இது புது முறை அல்ல. வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதி என்ற நான்கு படிகளை 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் கிகோ என்ற துறவி எழுதி வைத்தார்.

விளக்கவுரையைத் திறப்பதென்றால் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் ஜெபம் பாடவேளை ஆகிவிடும்.

சில நாள் ஒன்றுமே தோன்றாது. சரி, அன்றைக்குச் சங்கீதம் 13. "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற முறையீட்டோடுதான் அது ஆரம்பிக்கிறது. அதையே உங்கள் ஜெபமாகச் சொல்லலாம்.