இடது கைக்காரருக்கு ரைஃபிள்: தேர்விலும் அமைப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடது கைக்காரர் ரைஃபிள் தேடும்போது முதலில் பார்ப்பது, தோட்டாவை உள்ளே தள்ளி வெற்று உறையை வெளியே இழுக்கும் போல்ட்டின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்பதைவிட, எந்தக் கண்ணால் குறி பார்க்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. கையும் கண்ணும் எல்லோருக்கும் ஒரே பக்கம் அமைவதில்லை. இடது கைப் பழக்கம் உள்ள பலருக்கு வலது கண்ணே ஓங்கியிருக்கும்.

சோதிப்பது எளிது. இரு கைகளையும் முழுதாக நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சிறிய இடைவெளி விடுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பொருளை அந்த இடைவெளி வழியே இரண்டு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே ஓங்கிய கண். ஒரு தடவையோடு நிறுத்தாமல் நான்கைந்து தடவை செய்து பாருங்கள்.

இடது கை, இடது கண் என்றால் குழப்பமில்லை. இடது கை, வலது கண் என்று வந்து, ஆள் விளையாட்டுக்குப் புதியவராகவும் இருந்தால், வலது தோளில் வைத்துச் சுடப் பழகுவதே நல்லது. ட்ரிக்கரை இழுக்கும் விரலை சில வாரங்களில் பழக்கிவிடலாம். கண்ணை மாற்றுவது கடினம். பல ஆண்டுகள் இடது தோளில் சுட்டவர் பக்கம் மாற வேண்டியதில்லை. வலது கண்ணுக்கு முன்னால் மங்கலான வெள்ளை மறைப்பு வைத்தால் போதும். கறுப்பு மறைப்பு வேண்டாம். ஒரு கண் இருண்டால் குறி பார்க்கும் கண்ணின் பாவையும் சேர்ந்து விரியும், பார்வை கெடும். கண்ணை இறுக மூடிக்கொள்வதும் அதே காரணத்தால் தவறுதான். முகத் தசையும் சீக்கிரம் களைத்துப்போகும்.

அடுத்தது ஸ்டாக், அதாவது தோளில் பதித்துப் பிடிக்கும் கட்டை. போல்ட்டைவிட இதுதான் அதிகம் கெடுக்கிறது, கடையில் யாரும் கவனிப்பதும் இல்லை. வலது கைக்காரருக்கான பல ஸ்டாக்குகளின் பின்பகுதி, மேலிருந்து பார்த்தால் லேசாக வலப்பக்கம் வளைந்திருக்கும். கன்னத் திண்டு இடப்பக்கம் புடைத்திருக்கும், பிடியின் வீக்கம் வலப்பக்கம் இருக்கும். இதை இடது தோளில் வைத்தால் எல்லாமே தலைகீழ். வளைவு முகத்தை நோக்கி வந்து தலையை வலப்புறம் தள்ளுகிறது. இடது கண் குறிக்கோட்டை விட்டு விலகுகிறது, சுடுபவர் கழுத்தைச் சாய்த்து ஈடு செய்கிறார். பத்துக் குண்டு வரை ஒன்றும் தெரியாது. அறுபது குண்டுப் போட்டியின் பாதியில் கழுத்து இறுகி, குண்டுகள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். சுடுபவரோ குறிக்கருவியைத் திருகிக்கொண்டிருப்பார். கட்டை விரல் நுழையும் துளை உள்ள ஸ்டாக் இன்னும் மோசம். அதை எதிர்க் கையால் சரியாகப் பிடிக்கவே முடியாது.

ஸ்டாக் பொருந்துகிறதா என்று பார்க்க, துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் திருப்பி, கண்ணை மூடியபடி தோளில் வையுங்கள். கன்னம் வசதியாகப் படிந்ததும் கண்ணைத் திறங்கள். குறிக்கருவி நேராகத் தெரிய வேண்டும். தலையை அசைத்தால்தான் தெரிகிறது என்றால் அந்த ஸ்டாக் உங்களுக்கானது அல்ல. இரு பக்கமும் சமமாக அமைந்த நேரான ஸ்டாக், கன்னத் திண்டை உயர்த்தி நகர்த்தும் வசதியோடு கிடைத்தால், தவறான வளைவுள்ள அழகிய மரத்தைவிட அதுவே மேல்.

இப்போது போல்ட். வலது போல்ட் ரைஃபிளை இடது தோளில் வைத்து நின்றபடி சுட்டால், ஒவ்வொரு குண்டுக்கும் கையை மேலே குறுக்கே கொண்டுபோக வேண்டும். நிலை முழுதும் கலைந்துபோகும். அதைவிட முக்கியம் பாதுகாப்பு. உறை வெளிவரும் திறப்பு வலப்பக்கம் இருக்கிறது, இடது தோளில் சுடுபவரின் முகமும் அதே பக்கம்தான் இருக்கிறது. தோட்டாவின் பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) துளைபட்டாலோ உறை கிழிந்தாலோ கசியும் வாயுவும் துகளும் வரும் பக்கம் அது. தானாக உறை தள்ளும் ரைஃபிளில் சூடான உறை முகத்துக்கு முன்னால் பறக்கும், சில வேளை வலது முன்கையில் விழும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் தேவை; இவர்களுக்கு ஒரு குண்டுகூட அது இல்லாமல் கூடாது.

ஆனால் வலது போல்ட் எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. தாங்கியில் வைத்துச் சுடும்போது வலது கை சும்மா இருக்கிறது. இடது கை ட்ரிக்கரை விட்டு நகராமலே வலது கையால் போல்ட்டை இயக்கலாம், அது வேகமும்கூட. எந்த நிலையில் அதிகம் சுடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே முடிவு.

பாகம் பாகமாக அமைப்பவர்கள் தடுமாறும் இடம் ஆர்டர் படிவம். ‘இடது கை’ என்று மட்டும் எழுதினால் போதாது. போல்ட் எந்தப் பக்கம், திறப்பு எந்தப் பக்கம், ஸ்டாக்கின் வடிவம் எந்தத் தோளுக்கு, ஸ்டாக்கின் உள்வெட்டு (ரிசீவர் அமரும் குழி) எந்த வகை ரிசீவருக்கு (போல்ட் ஓடும் உலோக உடல்) என்று நான்கையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். இடது தோளுக்கான ஸ்டாக்கில் வலது போல்ட்டுக்கான உள்வெட்டு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. விடுபட்டால் போல்ட் கைப்பிடிக்கான பள்ளம் தவறான பக்கம் வெட்டப்பட்ட ஸ்டாக் வந்து சேரும். மரம் என்றால் திருத்துவதும் கடினம். ரிசீவர், போல்ட், ஸ்டாக் உள்வெட்டு, சேஃப்டி நெம்புகோல் உள்ள ட்ரிக்கர் ஆகியவைதான் பக்கம் பார்த்து வாங்க வேண்டியவை. ஸ்கோப்பையும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) அதைப் பிடிக்கும் வளையங்களையும் பொதுவாக அப்படித் தேட வேண்டாம். ரெமிங்டன் 700 போன்ற வகைகளில் பாரலுக்கும் (குழல்) வேண்டாம். போல்ட்டை மட்டும் தனியே வாங்கிப் போடுவது ஆபத்து. தோட்டா அமரும் இடைவெளியை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் அளந்து பார்க்காமல் ஒரு குண்டும் சுடக் கூடாது. ரிசீவர், பாரல் வேலை எதுவானாலும் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

தோட்டா வகையை முதலில் முடிவு செய்துவிட்டு இடது கை ரைஃபிளைத் தேடுவதும் வீண் அலைச்சல். டிக்கா, சாவேஜ், ரெமிங்டன் போன்றோர் இடது கை வகைகளைச் செய்திருந்தாலும், வலது கை வகையில் உள்ள எல்லா அளவிலும் அவை வருவதில்லை. கிடைப்பது என்ன என்று பார்த்து அதிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

ஸ்கோப் பொருத்துவதில் ஒரு கண்ணி உண்டு. பேரலாக்ஸ் திருகு (இலக்கும் ஸ்கோப்பின் குறியும் ஒரே தளத்தில் தெரியத் திருத்துவது) பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். இடது போல்ட்டைத் தூக்கும்போது விரல் மூட்டு அதில் இடிக்கும், 90 பாகை தூக்க வேண்டிய போல்ட்டில் இன்னும் அதிகமாக. 60 பாகை போல்ட்டோ சற்று உயரமான வளையங்களோ இதைத் தீர்க்கும். முதலில் ஸ்டாக்கின் நீளத்தையும் கன்னத் திண்டையும் சரிசெய்து முடியுங்கள். அதன் பிறகே, நீங்கள் சுடும் நிலையில், மிக அதிக உருப்பெருக்கத்தில் வைத்து ஸ்கோப்பை முன்பின் நகர்த்திப் பொருத்துங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே பொதுவாக 75 முதல் 100 மில்லிமீட்டர் வரும்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள்காரர்களுக்கு அலுமினிய ஸ்டாக் பெரும் வசதி; கன்னத் திண்டைப் பக்கம் மாற்றும் அமைப்பு பலவற்றில் உண்டு. ஆனால் பிடி இடது கைக்கென்று தனியே வாங்க வேண்டியது. அதை மறந்துவிட்டு மணிக்கட்டை முறுக்கிச் சுடுபவர்கள் நிறைய. உடையிலும் இதே மறதி. ஜாக்கெட்டின் தோளில் ரைஃபிள் பதியும் திண்டு இடப்பக்கம், கையுறை வலது கைக்கு, படுத்துச் சுடுபவர் என்றால் ரைஃபிளைத் தாங்கும் வாரைப் பிடிக்கும் கொக்கி வலது மேற்கையில். ரைஃபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே இவற்றுக்கும் சொல்லிவிடுங்கள். இடது கை அளவுகள் பெரும்பாலும் கையிருப்பில் இருக்காது.