ஆடியில் சைட் விசிட் இல்லையா? பயிற்சி வேல்யூயர் செய்யக்கூடிய வேலைகள்

மார்ச் கடைசியில் ஒரே நாளில் மூன்று நான்கு வீடுகளை அளந்து, ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட் தட்டிய அதே சொத்து மதிப்பீட்டாளர் (வேல்யூயர்) ஆபீஸில், ஆடி பிறந்துவிட்டால் போன் அடிப்பதே அபூர்வம். வாங்குகிறவர்கள் ஆவணி வரட்டும் என்று தள்ளிப்போட, கடனுக்காகச் சொத்தை மதிப்பிடச் சொல்லி பேங்கிலிருந்து வரும் ஃபைலும் குறையும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் பதிவு அலுவலகத்தில் கூட்டம் இருக்கும், அது வேறு கதை. புதிதாகச் சேர்ந்த சிவில் பிள்ளைகளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வருவது இந்த மாதத்தில்தான். சரி, சீசனில் உங்கள் சார், அதாவது ஆபீஸின் மதிப்பீட்டாளர், எது இல்லாமல் திண்டாடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான்: நம்பக்கூடிய விற்பனை விலை. அதைச் சேர்க்க இப்போதுதான் நேரம்.

படி 1: விலைப் பதிவேடு தொடங்குங்கள்

ஆபீஸுக்கு அதிகம் வேலை வரும் இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் தெரு, சர்வே எண், பரப்பு, ரோடு அகலம், எந்தத் திசை பார்த்தது, விலை, தேதி, யார் சொன்னது என்று கட்டம் போடுங்கள். கார்னர் மனையா, தெருக்குத்தா (தெரு நேராக வந்து முட்டும் மனை) என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். வாஸ்துவில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், வாங்குகிறவருக்கு இருக்கிறதே.

தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் (பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கும் விலை) வில்லங்க விவரத்தையும் பார்க்கலாம். வில்லங்கத்தில் ‘கைமாற்றுத் தொகை’ என்று இருப்பதை அப்படியே சந்தை விலையாக எழுதிவிடாதீர்கள். பல பத்திரங்களில் அது வழிகாட்டி மதிப்பை ஒட்டியேதான் நிற்கும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். மண்ணின் விலை அப்படி ஒரே நாளில் இறங்கி ஏறவில்லை.

அதனால் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். புரோக்கரிடம் “என்ன ரேட் போகுது?” என்று கேட்டால், விற்கிறவர் சொல்லும் விலைதான் வரும். “இந்தத் தெருவில் கடைசியாக முடிந்தது எது? கிரயம் ஆகிவிட்டதா, அட்வான்ஸோடு நிற்கிறதா?” என்று கேளுங்கள். அதே மனையைப் பற்றி இன்னொருவரிடமும் விசாரியுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் பதிவேட்டில் ஏற்றலாம். இல்லையென்றால் ‘உறுதியில்லை’ என்று குறித்துவையுங்கள்.

படி 2: பழைய ஃபைலை வைத்து அளவுக் கணக்கு

சாரிடம் கேட்டு, முடிந்துபோன ஃபைல் ஒன்றை எடுங்கள். கடன் வாங்கியவரின் விவரம் ஆபீஸை விட்டு வெளியே போகக்கூடாது, வாட்ஸ்அப்பிலும் கூடாது.

பத்திரத்தில் 6¼ சென்ட் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 2,722 சதுர அடி. பட்டாவில் 2.50 ஏர், அதாவது 250 சதுர மீட்டர். சதுர அடியில் 2,691. புல வரைபடத்தையும் நேரில் அளந்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். பொதுவாக எது குறைவோ அதையே மதிப்புக்கு எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் சார் எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேளுங்கள். சும்மா இருக்கும் மாதத்தில்தான் அவர் பொறுமையாகப் பதில் சொல்வார்!

படி 3: தேய்மானம்

கட்டடம் பழசாகும்போது குறையும் மதிப்புதான் தேய்மானம். கணக்கு சின்ன வேலை. 20 வருஷக் கான்கிரீட் வீடு, ஆயுள் 60 வருஷம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்றால் தேய்மானம் 90 × 20 ÷ 60 = 30 சதவீதம். இன்று கட்ட 20 லட்சம் ஆகுமென்றால் கட்டட மதிப்பு 14 லட்சம். கால்குலேட்டர் இல்லாமல் வரும்வரை போட்டுப் பாருங்கள். மண் மதிப்பில் தேய்மானம் கழிக்கக் கூடாது.

படி 4: தேர்வுக்கு அஸ்திவாரம்

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டாளர் விதிகளின்படி பதிவுபெற்ற மதிப்பீட்டாளராக, 50 மணி நேரப் பாடமும் அப்புறம் ஐபிபிஐ (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) தேர்வில் 60 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். தவறான பதிலுக்கு மார்க் குறைப்பார்கள். நிலம், கட்டடம் பிரிவில் இளநிலைப் பட்டதாரிக்கு ஐந்து வருஷ அனுபவமும் தேவை. ஆகவே சேர்ந்த நாளிலிருந்து போன சைட், சொத்து வகை, நீங்கள் செய்த பகுதி எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, மாதா மாதம் சாரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறிய பிறகு போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.