வெயிலும் வேண்டும், பேச ஆளும் வேண்டும்

சேலத்தில் முதலில் பிடித்த வீடு செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில். வாசல் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் இருபுறமும் மாடி வீடுகள். ஐப்பசியில் துவைத்த துண்டு மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும். வெயிலைத் தேடி நகருக்கு வெளியே புது மனைப் பிரிவுக்கு மாறினேன். கிடைத்தது, தேவைக்கு மேலேயே! படுக்கையறைச் சுவர் மேற்கே இருந்தது. சித்திரையில் இரவு 10 மணிக்கும் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். பக்கத்து மனைகளில் சீமைக்கருவேலம்தான் குடியிருந்தது.

மூன்றாவது முறை அவசரப்படவில்லை. கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டைக் காலை 8, மதியம் 3, இரவு 7 என மூன்று வேளையும் போய்ப் பார்த்தேன், கையில் போன் திசைகாட்டியோடு. சித்திரையில் நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு வந்துவிடும். மார்கழியில் தெற்கே சாயும். அதனால் தெற்கே திறப்பு, மேற்கே நிழல் இருந்தால் போதும். மேற்கே பக்கத்து வீட்டு வேப்பமரம் நின்றது. சரி, பாதி முடிந்தது.

மீதி தட்டுவடை செட் கடையில். தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவலையும் சட்னியையும் வைத்தபடியே கடைக்கார அக்கா, "வாடகைக்குப் பாக்கறீங்களா? மொட்டை மாடிச் சாவி தருவாங்களான்னு கேட்டுக்கங்க" என்றார். நான் கேட்க மறந்ததே அதுதான். கேட்டேன், தந்தார்கள்.

இப்போது காலையில் மூக்கனேரிக் கரையில் நடை, மாடியில் வடாம். அக்காவுக்கு மட்டும் நான் இன்னும் "புது வீட்டுக்காரர்".