துறை மெயில் கணக்கு: தலைவர் மாறினாலும் அஞ்சல் நிற்காமல் இருக்க

கல்லூரியில் துறைத்தலைவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். பாஸ்வேர்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதிய கணினியில் உள்ளே போக முயன்றால் ஓடிபி பழைய தலைவரின் போனுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான ஆவணம் கேட்டு ஒரு மெயில் வந்து கிடக்கும்.

எங்கள் துறையில் இதைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. சரிசெய்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. துறை மெயிலில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல், ஒரே பாஸ்வேர்டைப் பலர் வைத்திருப்பதால் வருபவை. அதனால் பாஸ்வேர்டைக் கைமாற்றாமல் நாலு பேர் ஒரே கணக்கைப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் இருப்பது கூகுள் வொர்க்ஸ்பேஸ், அதாவது கல்லூரியின் சொந்த முகவரியில் ஓடும் ஜிமெயில். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: முகவரி துறையின் பெயரில் இருக்கட்டும்

துறைத்தலைவர் பெயரில் வேண்டாம், துறையின் பெயரில் கேளுங்கள். கல்லூரியின் சொந்த டொமைனில், அதாவது .ஏசி.இன் அல்லது .எடு.இன் என்று முடியும் முகவரியாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு இலவச ஜிமெயில் கணக்கு ஒன்றைத் தொடங்கித் துறைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டால், கல்லூரி மெயிலை நிர்வகிக்கும் அட்மினால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லூரி டொமைன் என்றால் அட்மின் நிமிடத்தில் பாஸ்வேர்டை மாற்றித் தருவார்.

படி 2: பாதுகாப்பு அமைப்பு

முதல் முறை உள்ளே போனதும் இன்பாக்ஸைப் பார்க்கும் முன் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போங்கள். மீட்பு எண்ணாகத் தற்போதைய தலைவரின் போன் எண் இருக்கலாம், ஆனால் அது மட்டுமே இருக்கக் கூடாது. டூ ஸ்டெப் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் முறை) இயக்கியதும், ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய பேக்கப் கோடுகளை எடுத்துவிடுங்கள். எட்டு இலக்கத்தில் 10 எண்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும். அவற்றை அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, துறை பீரோவில் இருப்புப் பதிவேட்டோடு வையுங்கள். போன் தொலைந்தாலும் ஆள் மாறினாலும் அந்தத் தாள் கைகொடுக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கவனிக்க: அட்மினிடம் "பாஸ்வேர்டு மாற்றித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது. பாஸ்வேர்டு மாறினாலும் ஓடிபி பழைய போனுக்கே போகும். அந்தக் கணக்குக்குப் பேக்கப் கோடு எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அட்மின் பக்கத்திலிருந்து அதைச் செய்ய முடியும். டூ ஸ்டெப் இயக்காத கணக்கிலும் "இது நீங்கள்தானா" என்று கூகுள் தடுக்கும். அந்தத் தடையைப் பத்து நிமிடத்துக்கு நிறுத்திவைக்கும் வசதியும் அட்மினிடம் உண்டு. அட்மினோடு போனில் பேசிக்கொண்டே, கணினி முன் உட்கார்ந்து இதைச் செய்வது நல்லது.

படி 3: டெலிகேட் சேர்ப்பது

இதுதான் முக்கியமான படி, என்னை அதிகம் அலைக்கழித்ததும் இதுதான். டெலிகேட் என்றால், துறைக் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமலேயே தன்னுடைய கல்லூரி மெயில் வழியாகத் துறை மெயிலைப் படிக்கவும் பதில் அனுப்பவும் உரிமை பெற்றவர். அவரால் துறைக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முடியாது.

துறைக் கணக்கில் செட்டிங்ஸைத் திறந்து, 'சீ ஆல் செட்டிங்ஸ்', அப்புறம் 'அக்கவுண்ட்ஸ்' என்று போங்கள். அங்கே 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுண்ட்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். பலருக்கு அந்த வரியே இருக்காது. காரணம், மெயில் டெலிகேஷன் வசதியை முதலில் அட்மின் திறந்துவிட வேண்டும். அவரிடம் கேட்கும்போது, அட்மின் கன்சோலில் ஜிமெயிலின் யூசர் செட்டிங்ஸில் 'மெயில் டெலிகேஷன்' என்று இருக்கிறது என இடத்தோடு சொல்லுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

வரி வந்த பிறகு, சேர்க்க வேண்டியவரின் கல்லூரி முகவரியைக் கொடுங்கள். வெளி ஜிமெயில் முகவரி செல்லாது. அவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போகும், ஒரு வாரத்துக்குள் அவர் அதை ஏற்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் என்றால், அவர் ஒருமுறை தன் கணக்கில் நுழைந்து, அட்மின் கொடுத்த முதல் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றாமல் இருந்தால் இந்தச் சேர்ப்பு நடக்காது, திரையில் வரும் செய்தியிலிருந்து காரணமும் புரியாது.

ஏற்றுக்கொண்ட உடனேயே துறை மெயில் தெரிந்துவிடாது. 24 மணி நேரம் வரை ஆகலாம். இந்த இடைவெளியில் "வரவில்லையே" என்று நீக்கி, மறுபடி சேர்த்து, மறுபடி நீக்கிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒருமுறை சேர்த்துவிட்டு மறுநாள் பாருங்கள். டெலிகேட் தன் ஜிமெயிலில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தட்டினால் துறைக் கணக்கும் வரிசையில் இருக்கும். தட்டினால் தனி டேபில் திறக்கும்.

அதே பக்கத்தில் இரண்டு சின்னத் தேர்வுகள் உண்டு. டெலிகேட் திறந்த மெயிலைப் படித்ததாகக் குறிப்பதா வேண்டாமா என்பது ஒன்று. வேண்டாம் என்பதையே நான் பரிந்துரைப்பேன். இல்லையென்றால் உதவியாளர் திறந்து பார்த்த கடிதம் தலைவர் கண்ணில் படாமலே போகும். பதில் போகும்போது அனுப்பியவர் முகவரியையும் காட்டுவதா என்பது இன்னொன்று. அதைக் காட்டச் சொல்லுங்கள். யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது பின்னால் தேவைப்படும்.

படி 4: கணினியிலும் போனிலும்

டெலிகேட்டுகளுக்கு உலாவியே சரியான வழி. ஐமேப் (தனி மெயில் செயலியில் மெயிலைப் பார்க்கும் முறை) வழியாகத் துறை மெயில் அவர்களுக்குக் கிடைக்காது. கணக்கின் நேரடிப் பொறுப்பாளர் மட்டும் தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியில் சேர்க்கலாம். எனக்கு அவுட்லுக்கைவிட அதுதான் பிடிக்கும்: இலவசம், பழைய கணினியிலும் ஓடும். 2024 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது.

முகவரியைக் கொடுத்தால் சர்வர் விவரங்களைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடிக்கும். இல்லையென்றால் ஐமேப்புக்குப் போர்ட் எண் 993, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்புவதற்கு 465 எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அல்லது 587 ஸ்டார்ட்டிஎல்எஸ். ஆத்தென்டிகேஷன் முறையில் 'ஓஆத்2' (கூகுளின் லாகின் ஜன்னல் வழியே நுழையும் முறை) தேர்ந்தெடுங்கள். 'நார்மல் பாஸ்வேர்டு' என்று இருந்தால் பாஸ்வேர்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் "தவறு" என்றே சொல்லும். கூகுள் லாகின் ஜன்னல் திறந்து வெறுமையாக நின்றால், தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் குக்கீகளை ஏற்கும் தேர்வு அணைந்திருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால் சரியாகிவிடும்.

மெயில் காணாமல் போனால்

அழிந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் 'ஆல் மெயில்' பகுதியில் தேடுங்கள். அங்கே இருந்தால் யாரோ ஆர்க்கைவ் செய்து இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கியிருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு பழைய கணினி, மெயிலைத் தனக்குள் இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அலுவலக அறையின் பழைய மேசைக் கணினியை முதலில் சந்தேகப்படுங்கள். பாப் கணக்கு ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போய் பாப்பை நிறுத்துங்கள். அந்தப் பக்கத்திலேயே, மெயில்கள் வேறு யாருடைய சொந்த முகவரிக்காவது தானாகப் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாணவர்களின் மதிப்பெண்ணும் விடுப்புக் கடிதமும் வரும் கணக்கு இது. ஃபில்டர்களிலும், அதாவது வரும் மெயிலைத் தானாகக் கையாளும் விதிகளிலும், இப்படி வெளியே அனுப்பும் ஏற்பாடு ஒன்று ஒளிந்திருக்கலாம்.

கருத்தரங்க அழைப்பிதழைக் கணக்கில்லாமல் அனுப்பினாலும் கணக்கு நின்றுபோகும். வொர்க்ஸ்பேஸில் நாளொன்றுக்கு 2,000 மெயில்தான், மீறினால் 24 மணி நேரம் வரை அனுப்ப முடியாது. அழைப்பிதழுக்குத் தனியாக ஒரு கூகுள் குரூப் (ஒரே முகவரிக்கு அனுப்பினால் பலருக்கும் போகும் பட்டியல்) வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவி, பதிவேடு, ஆய்வகப் பொருள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். துறை மெயிலையும் அதில் ஓர் இனமாகச் சேர்த்து, அன்றே பாஸ்வேர்டு, மீட்பு எண், பேக்கப் கோடு மூன்றையும் மாற்றி, போகிறவரை டெலிகேட் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை: மைக்ரோசாஃப்ட் 365

படித்துவிட்டுச் சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். அங்கே 'ஷேர்டு மெயில்பாக்ஸ்', அதாவது பலர் சேர்ந்து பார்க்கும் பெட்டி, கேளுங்கள். 50 ஜிபி வரை தனி உரிமம் தேவையில்லை, பாஸ்வேர்டைப் பகிர வேண்டிய அவசியமும் இல்லை. 'ஃபுல் ஆக்சஸ்', 'சென்ட் ஆஸ்' இரண்டு உரிமைகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் படிக்கலாம், துறையின் பெயரில் பதில் அனுப்ப முடியாது. தண்டர்பேர்டில் சேர்க்கும்போது அட்மின் அனுமதி தேவை என்று வந்தால், அது உங்கள் பக்கத் தவறு அல்ல. அந்தச் செயலிக்கு அட்மின் ஒப்புதல் தர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஷேர்டு மெயில்பாக்ஸிலிருந்து ஒருவர் அனுப்பிய பதிலின் நகல் அவருடைய சொந்த 'சென்ட்' பெட்டியில்தான் சேரும், துறைப் பெட்டியில் இருக்காது. பதில் போய்விட்டது தெரியாமல் இன்னொருவர் வேறொரு பதிலை அனுப்பிவிடுவார். அனுப்பிய நகலைத் துறைப் பெட்டியிலும் சேமிக்கும் அமைப்பு அட்மினிடம் இருக்கிறது. பெட்டியை உருவாக்கச் சொல்லும் கடிதத்திலேயே அதையும் எழுதிக் கேளுங்கள்.