மைனஸ் 5, மைனஸ் 10: எது அதிகக் குளிர், எவ்வளவு அதிகம்?

வெப்பநிலைகளை ஒப்பிடுவதில் தடுமாற்றம் வருவது பெரும்பாலும் கழித்தல் குறி தோன்றிய பிறகுதான். பூஜ்யத்துக்கு மேலே எண் பெருகினால் வெப்பம் கூடும். கீழேயோ எண் பெருகப் பெருகக் குளிர்தான் கூடும். ஐயம் எழும்போது, செங்குத்தாக நிற்கும் வெப்பமானி ஒன்றை மனத்தில் நிறுத்தி, தண்ணீர் உறையும் 0 டிகிரி செல்சியஸுக்கு இரண்டில் எது அதிகம் கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் 8 இருக்கும் இடம் மைனஸ் 3-க்குக் கீழே. எனவே அதுவே அதிகக் குளிர்.

வேறுபாட்டைக் கணக்கிட, இரண்டும் பூஜ்யத்தின் ஒரே பக்கம் இருந்தால் கழிக்கவும், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் குறியை விட்டுவிட்டுக் கூட்டவும். பகலில் 4, இரவில் மைனஸ் 7 என்றால் இறக்கம் 11 டிகிரி. ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே அலகில்தான் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: ஃபாரன்ஹீட்டில் உறைநிலை 32 என்பதால், அங்கே குறி ஏதுமின்றி நிற்கும் 20 செல்சியஸில் ஏறத்தாழ மைனஸ் 7 ஆகும்.

மைனஸ் 10 என்பது மைனஸ் 5-ஐவிட இரு மடங்கு குளிர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. செல்சியஸின் பூஜ்யம் வெப்பமே அற்ற நிலையன்று, தண்ணீரை வைத்து நாம் குறித்துக்கொண்ட இடம். (ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் முன்வைத்த அளவுகோலில் கொதிநிலை 0, உறைநிலை 100, அதைப் பின்னர் தலைகீழாக்காமல் விட்டிருந்தால், குளிர்காலத்தில் கழித்தல் குறிக்கு வேலையே இருந்திருக்காது.) மைனஸ் 273.15 என்னும் உண்மையான அடிமட்டத்திலிருந்து அளந்தால், அவ்விரண்டின் வேறுபாடு 2 சதவீதத்தைக்கூட எட்டாது.

உடல் உணரும் குளிரோ எண்ணை மட்டும் பொறுத்ததன்று. தோலை ஒட்டி உடலே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப்படலத்தை வீசும் காற்று அடித்துச் சென்றுவிடுவதால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் மைனஸ் 5 டிகிரி ஏறத்தாழ மைனஸ் 14 போல உறைக்கும்; அதாவது, காற்றசைவே இல்லாத மைனஸ் 10-ஐவிட அது கடுமையானது. ஆகவே வானிலை அறிக்கையில் உணரப்படும் வெப்பநிலை தனியாகத் தரப்பட்டிருந்தால், உடுத்துவதை அதைக் கொண்டே முடிவு செய்யுங்கள். ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், பிளஸ் 2 டிகிரியில் மழையில் நனைந்த ஆடையுடன் நிற்பவர், மைனஸ் 5-இல் உலர்ந்த ஆடையுடன் நிற்பவரைவிட அதிகமாக நடுங்கக்கூடும்.

எனினும் குழாய்த் தண்ணீர் உறையுமா என்று அறிய, காற்றின் உண்மை வெப்பநிலையையே பாருங்கள். பிளஸ் 2 டிகிரியில் பலத்த காற்று வீசி மைனஸ் 5 போல உணரப்பட்டாலும், குழாய் அந்த 2 டிகிரி வரைதான் குளிரும்.